போதகருக்கு ஓய்வு யார் கொடுப்பது? மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

ஞாயிறு பள்ளி டீச்சர்

தோத்திரம். மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றை எழுதிவிடுகிறேன், நீங்களும் பார்த்திருந்தால் சொல்லுங்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு புதுவீட்டு ஜெபம். சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம், போதகர் ஐயா வாசல் படியில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டார், மற்றது கையில் இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். காலையில் தோட்டத்தில் ஒரு அடக்கம், மதியம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வார்டு, அப்புறம் லிந்தாங்கில் ஒரு வீட்டுச் சண்டை, கடைசியில் இங்கே. அவர் பையில் போன் அடிக்கிறது, எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஒரு அக்கா பக்கத்தில் நின்று, "ஐயா, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து ஒரு சின்ன ஜெபம்" என்கிறார். போதகரம்மா வந்து குனிந்து அந்தச் சப்பாத்தை அவர் காலில் மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டு, "எழுந்திருங்க" என்றார். அந்த அக்கா வீட்டுக்கும் போனார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று தோட்டத் தொழிலாளிக்கே 1955 வேலைச் சட்டத்தில் இருக்கிறது. நம் ஊழியர்களுக்கு அதை யார் கொடுப்பது?

திங்கட்கிழமை அம்மா

நான் ஒரு போதகர் வீட்டுக்காரி, ஊர் பெயர் வேண்டாம். எங்களுக்குத் திங்கட்கிழமை ஓய்வு என்று சபைக் கமிட்டியில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை அவர் தூங்கட்டும் என்று போனை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு மூடியைப் போட்டேன். சமைக்கிற நேரம் முழுக்க உள்ளே அது அதிர்ந்துகொண்டே இருந்தது, மூடியில் கை வைத்தால் தெரியும். பன்னிரண்டு மணிக்கு கேட்டில் ஹாரன். "போன் எடுக்கவில்லையே, பயந்துபோய் நேரிலேயே வந்துவிட்டோம்" என்று நாசி லெமாக் பொட்டலத்தோடு நிற்கிறார்கள். அன்பில்தான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். விஷயம் என்னவென்றால் மகனின் யூபிஎஸ்ஐ பல்கலைக்கழகப் பாரத்தில் ஒரு கையெழுத்து, அது புதன்கிழமை வரை தாங்கும்.

பழைய கிராணி

டீச்சர், உங்கள் மன பாரம் புரிகிறது. ஆனால் ஊழியத்தில் ஓய்வு ஓய்வு என்று இப்போது பேசுகிற பேச்சு எனக்கு உடன்பாடு இல்லை. நான் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தவன். எங்கள் உபதேசியார் சைக்கிளில் வருவார். ஒரு நாள் கொட்டுகிற மழையில் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, எங்கள் லயத்துக்கு, வந்து நின்றார், வேட்டியில் தண்ணீர் ஒழுகுகிறது, வேதபுத்தகத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் மூன்று சுற்று சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார், அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் தாயார் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டார். அந்த முகத்தில் சலிப்பை நான் பார்க்கவில்லை. மாற்கு 6ஐ எல்லாரும் சொல்வார்கள், "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று. அதற்கு அடுத்த வசனங்களையும் வாசியுங்கள். ஜனங்கள் கரைவழியாய் முந்திக்கொண்டு ஓடிவந்தார்கள், ஆண்டவர் மனதுருகி அவர்களுக்கு உபதேசம்பண்ணினார், திருப்பி அனுப்பவில்லை. ஊழியர்களுக்கு என் ஆலோசனை இது. அதிகாலையில் எழுந்து சங்கீதத்தில் உட்காருங்கள், பிரசங்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள், சனிக்கிழமை ராத்திரிக்குத் தள்ளினால்தான் பாதி அலுப்பு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் வாட்ஸ்அப் பார்க்காதீர்கள். போகிற வீட்டிலெல்லாம் சாப்பிடாதீர்கள், மாலையில் அரை மணி நேரம் நடங்கள். மூப்பர்களை நம்பி வேலையைக் கொடுங்கள், மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்னதும் அதுதான், ஆயிரத்துக்கும் நூறுக்கும் ஐம்பதுக்கும் பத்துக்கும் ஆள் வை என்று. கணக்கு வழக்கைப் போதகர் தொடவே கூடாது. இத்தனையும் செய்தால் தனியாக ஓய்வு நாள் தேவைப்படாது.

கிட்டார் தம்பி

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். உங்கள் உபதேசியார் ஒரு லயத்துக்கு வந்தால் வரிசையாக எல்லாக் குடும்பத்தையும் பார்த்துவிடுவார், பால்மரக் காலம் அது. இப்போது அந்த லயமே இல்லை, செம்பனை நிற்கிறது. அந்தக் குடும்பங்கள் ஒன்று தாமானில், ஒன்று கோலகங்சாரில், ஒன்று செமோரில். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள், அதனால் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் போதகர் காரில்தான். உபதேசியார் சைக்கிளில் திரும்பும்போது அவரை யாரும் கூப்பிட முடியாது. அந்தப் பாதை முழுக்க அவருக்கு ஓய்வுதான், அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

என் அனுபவம் வேறு மாதிரி. நான் ஷிப்டு முடித்து நேராகப் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறவன், எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை எங்கள் பாடகர் குழு அக்கா உள்ளே வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கீபோர்டின் மேல் துணியைப் போட்டார், ஆம்ப் வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டி, "இந்த மாசம் முழுக்க வாத்தியம் கிடையாது, போய்த் தூங்குங்க" என்றார். மறுநாள் கைத்தட்டலும் ஒரு தம்பூரினும் மட்டும் வைத்துக் கீர்த்தனை பாடினோம். நான் பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பாடுவதைக் கேட்டே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சில பேருக்குக் கோபம், ஆராதனையில் அபிஷேகம் குறைந்துவிட்டது என்றார்கள். அக்கா அசையவில்லை. அப்படி ஒருவர் போதகர்களுக்கும் வேண்டும், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

நர்ஸ் அக்கா

ஒரு முழு இரவு ஜெபத்தில் நான் பார்த்தது. உபவாசம் மூன்றாம் நாள். ஊழியக்காரருக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரையை நிறுத்தவில்லை, சாப்பாட்டை மட்டும் நிறுத்தியிருக்கிறார். ஜெபித்துக்கொண்டே சரிந்து விழுந்தார். எல்லாரும் ஆவியானவர் இறங்கினார் என்று அல்லேலூயா சொல்லிக் கையை உயர்த்தினார்கள், யாரும் தொடவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தால் சில்லென்று வேர்வை, உள்ளங்கை வழுக்குகிறது. குளுக்கோமீட்டரில் 2.9 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று எங்களுக்குப் பாடம். நல்லவேளை நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, பிளாஸ்கில் இருந்த தேநீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து என்னிடம், "நான் பலவீனனாகிவிட்டேனா சிஸ்டர்" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

கிராணி ஐயா, மாற்கு 6ஐ இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். அப்பம் பங்கிட்டு முடிந்ததும் ஆண்டவர் சீஷரைப் படவில் ஏற்றி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தனியாக மலைக்குப் போனார். அனுப்பிவிட்டார் ஐயா. எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்றபோதும் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

உழைத்து உழைத்துச் சோர்ந்துபோவதை நாம் பர்ன்அவுட் என்கிறோமே, அந்தச் சொல்லை 1974இல் ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர் மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர். அங்கே தொண்டு செய்தவர்களிடம்தான் அதைப் பார்த்தார், மனசார உழைக்கிறவர்களிடம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் ஒரு வெறுப்போ விலகலோ வருவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. இது வியாதி அல்ல, வேலையால் வருகிற நிலை என்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் தூக்கமே வராமல், சாக வேண்டும் போல் பேசினால் அது வேறு, அதற்கு ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள ஊழியர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் எடுக்கவே கூடாது, மூப்பர்கள் இதை முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

பழைய கிராணி

அனுப்பிவிட்டார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன் சிஸ்டர். ஆனாலும் எல்லாரையும் போஷித்த பிறகுதான் அனுப்பினார்.

ஞாயிறு பள்ளி டீச்சர்

நீங்கள் எல்லாரும் எழுதியதை எங்கள் மூப்பர்களிடம் காட்டினேன். இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. திங்கட்கிழமை போதகர் போன் ஒரு மூப்பர் கையில் இருக்கும், கையெழுத்து, கார், புதுவீட்டு ஜெபம் எல்லாம் அவரே தேதி கொடுப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாலிபர்கள் முறை போட்டுக்கொள்கிறார்கள். பேச்சு நின்றுபோனது ஒரு இடத்தில்தான். திங்கட்கிழமை ஒரு சாவு விழுந்தால்? போதகர் வரவில்லை என்றால் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் மறக்காது என்று ஒரு மூப்பர் சொன்னார், அது உண்மைதான்.

திங்கட்கிழமை அம்மா

டீச்சர், சாவுக்கு அவர் போகட்டும், நானும் கூடப் போவேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பதிலாக அதே வாரத்தில் வேறு ஒரு நாளைக் கமிட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சபையில் அதைத்தான் கேட்டிருக்கிறேன், வருகிற கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.