மூஸ் ஃபாக்டரி: காலையில் போய் இரவே திரும்பினால் போதுமா?

தண்டவாளம்:
கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் இருக்கும் மூஸ் ஃபாக்டரித் தீவுக்குப் போகக் கேட்பவர்களுக்கெல்லாம் "ரெண்டு மூணு நாள் ஒதுக்குங்க" என்றே பதில் வருகிறது. தேவையே இல்லை. கோக்ரேன் ஊரில் காலை போலார் பேர் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் 299 கி.மீ., ஐந்து மணி நேரத்தில் தீவுக்கு எதிர்க்கரை ஊரான மூசோனி. மாலையில் அதே வண்டி திரும்புகிறது. நடுவில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். படகில் தீவுக்குப் போனால் விலங்குத் தோல் வாங்கி விற்ற ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பணியாளர் இல்லம், தூய தோமா ஆலயம், வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் நடக்கிற தூரத்தில்தான். பெயரில் ஃபாக்டரி என்றாலும் ஆலை அல்ல, 1673இல் தொடங்கிய ஒரு வணிக நிலையம்; அதில் இன்று மிஞ்சியிருப்பதே அவ்வளவுதானே?

நுளம்புவலை:
அந்த மூன்று மணித்தியாலத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்கோ அண்ணை. ஸ்டேஷனிலயிருந்து படகுத்துறைக்கு நடை. படகு நிறையும்வரைக்கும் காத்திருப்பு. ஆற்றைக் கடக்க இன்னும் பத்துப் பதினைஞ்சு நிமிஷம். திரும்பேக்கையும் இதெல்லாம் உண்டு, வண்டிக்கு அரை மணி முந்தி வந்து நிக்கவும் வேணும். தீவில மிஞ்சுறது ஒன்றரை மணித்தியாலம், அதுவும் வண்டி நேரத்துக்கு வந்தால். வழியில கை காட்டின இடத்தில நிறுத்தி, வேட்டைக்காரரையும் அவையின்ர தோணியையும் இறக்கிவிடுற வண்டி அது. பிந்தினால் வெட்டு விழுறது உங்கட நேரத்திலதான்.

கடல் வற்று வேற இருக்கு. மூஸ் ஆறு அந்த இடத்தில கடலோட சேர்ந்து ஏறி இறங்கும். தண்ணி இறங்கினால் மணல்திட்டு வெளியில வரும், படகு சுத்திப் போகவேணும். வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்காமல் ரயில் அட்டவணையை மட்டும் வைச்சுத் திட்டம் போட ஏலாது.

தண்டவாளம்:
வற்று நேரம் முன்கூட்டியே தெரிகிற விஷயம்தானே, அதற்கேற்ற நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். ஆலயத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? தரையில் அடைப்பான் போட்ட துளைகளைப் பார்ப்பீர்கள், மூஸ் மான் தோலில் செய்த பீடவிரிப்பைப் பார்ப்பீர்கள், முடிந்தது.

நுளம்புவலை:
போன உடனே உள்ளே விடுவினம் எண்டு நினைக்கிறியளோ? பூட்டியிருக்கலாம். இப்ப உள்ளே விடுகினமோ, திறப்பு ஆரிட்ட எண்டு முதல் நாளே விசாரிச்சு வைக்கவேணும். ஒரு நாள் பயணத்தில அதுக்கு இடமே இல்லை.

அந்தத் துளையளுக்கும் காரணம் இருக்கு. மூஸ் ஆறு தெற்கிலயிருந்து வடக்க ஓடுது. வசந்தத்தில மேல்பக்கம் முதல்ல உருகும், முகத்துவாரம் உறைஞ்சபடியே கிடக்கும். உடைஞ்ச பனிக்கட்டி அங்க வந்து அடைக்க, தண்ணி பின்னால ஏறித் தீவுக்குள்ள பாயும். மரக்கட்டடம் மிதந்து அத்திவாரத்தை விட்டு நகராமலிருக்க, அடைப்பானைக் கழட்டித் தண்ணியை உள்ளுக்கு விட்டவை. ஆற்றங்கரையில நிண்டு பார்த்தால்தான் இது விளங்கும்.

கம்பளிக்காரன்:
இருவருமே தவறான இடத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள். விலங்குத் தோல் வணிகத்தின் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் மனிடோபா மாகாணத்தில் அதே கம்பெனி நடத்திய யார்க் ஃபாக்டரிதான். 1831இல் கட்டத் தொடங்கிய கிடங்கு இன்னும் நிற்கிறது. உள்நாட்டுக்குப் போன சரக்கும் லண்டனுக்குப் போன பீவர் (நீரெலி) தோலும் அந்த வழியாகத்தான் போயின. கீழே நிரந்தர உறைநிலம், அது பருவந்தோறும் உப்பித் தாழும். அதற்கு வளைந்துகொடுக்கும்படிதான் கட்டடத்தையே அமைத்தார்கள். மூஸ் ஃபாக்டரியில் நாலு பழைய கட்டடம், சுற்றிலும் சாதாரண ஊர்.

தண்டவாளம்:
போக வழி சொல்லுங்கள் ஐயா. கில்லம் ஊர் வரை வந்து, வாடகை விமானமோ படகோ பிடிக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் விமானம் வராது, அதனால் கூடுதலாகச் சில நாள் உணவு கையில் இருக்க வேண்டும். பனிக்கரடி நடமாட்டம் இருப்பதால் துப்பாக்கியோடு துணை வேண்டும். அது நிற்கிற ஹேய்ஸ் ஆற்றங்கரை அரித்துக்கொண்டே வருகிறது. 1957இல் கம்பெனி மூடிய பிறகு அங்கே ஊரும் இல்லை, கடையும் இல்லை. முதல் முறை வடக்கே போகிறவருக்குச் சொல்கிற ஆலோசனையா இது?

நுளம்புவலை:
அதோட, "சாதாரண ஊர்" எண்டதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். தோல் கொண்டுவந்து குடுத்த க்ரீ பழங்குடி மக்களின்ர பிள்ளையள் மூஸ் ஃபாக்டரியிலதான் இருக்கினம். 1905இல அரசுக்கும் பழங்குடிகளுக்கும் இடையிலான ஒன்பதாம் ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்ச இடங்களில அதுவும் ஒண்டு. தீவின்ர வடபக்கம் மூஸ் க்ரீ மக்களின்ர நிலம். வீடுகளையும் கல்லறைகளையும் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. க்ரீ பண்பாட்டு மையத்தில ஆறுதலாய் இருந்து பார்க்கவேணும். இதெல்லாம் ஒன்றரை மணித்தியாலத்தில நடக்காது. தங்குமிடம் குறைவு, ரயில் டிக்கெட் எடுக்க முந்தியே அறையை உறுதிப்படுத்துங்கோ. ஜூன், ஜூலையெண்டால் தலையை மூடுற வலை கட்டாயம், நுளம்பைவிடக் கறுப்பு ஈதான் மோசம்.

கம்பளிக்காரன்:
அப்படியானால் மூசோனியை ஏன் யாரும் பேசவில்லை? 1903இல் அங்கே கடை போட்ட பிரெஞ்சுக்காரர்கள், ரிவியோன் ஃப்ரேர், கம்பெனிக்கு நேர் போட்டி. ஒரே ஆற்றின் இரு பக்கத்திலும் இரண்டு போட்டிக் கடைகள்! ரயில் வந்ததோ 1932இல்தான்.

தண்டவாளம்:
இது என் கட்சிக்குத்தான் வலு. மூசோனியில் அதைப் பார்க்கப் படகே வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன்: பிப்ரவரியில் போங்கள். ஆறு உறைந்து பனிச்சாலை ஆகிவிடும், டாக்ஸியிலேயே தீவுக்குப் போகலாம். மணல்திட்டும் கிடையாது, கொசுவும் கிடையாது.

நுளம்புவலை:
பிப்ரவரியில அருங்காட்சியகங்கள் பூட்டு, பின்னேரம் வெள்ளனவே இருட்டு. வெளியிலயிருந்து பனி மூடின கூரையைப் பார்த்திட்டு வரலாம். அது உங்களுக்குக் காணும் எண்டால் போங்கோ. ஆனால் ஆறு உறையிற நேரமும் உடையிற நேரமும் வேண்டாம். அப்ப படகும் இல்லை, பனிச்சாலையும் இல்லை, ஹெலிகொப்டர் மட்டுந்தான்.