புதுப்பிப்பு: கை கிரைண்டரில் எஸ்பிரசோ ஒருவழியா சரியா வந்துடுச்சு

எவ்வளவு நைசா அரைச்சாலும் எஸ்பிரசோ 12 செகண்டில் தண்ணியா ஓடிடுது, வாயில வெச்சா புளிக்குது, கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு போன மாசம் புலம்பியிருந்தேன். கொடுக்கல.

தப்பு என் மேலதான். பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டினப்போ பூஜ்யம் எங்கே இருக்குன்னு பார்க்கவே இல்ல. உள்ளே கொட்டையை அரைக்கிற பல் சக்கரம் (பர்) ரெண்டும் உரசி, கைப்பிடி சுத்தாம நிக்குதே, அதுதான் பூஜ்யம். டயலைத் திருப்புறப்போ 'கிளிக்'னு நகர்ற ஒவ்வொரு படியையும் அங்கிருந்துதான் எண்ணணும். நான் டயலில் தெரிஞ்ச எண்ணை நம்பி, ஒரு முழுச் சுத்து தள்ளி எண்ணிட்டு இருந்திருக்கேன். அதைச் சரிபண்ணி, ஒரு ஷாட்டுக்கு ஒரு கிளிக்கா இறக்கிட்டே வந்தேன். மூணாவது நாள் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 28 செகண்ட். நல்லெண்ணெய் மாதிரி நூலா இறங்குச்சு.

லைட் ரோஸ்ட் கொட்டையை விட்டுட்டேன். கல்லு மாதிரி, அரைச்சு முடிக்கிறதுக்குள்ள மணிக்கட்டு கழண்டுடும். இப்போ சிக்மகளூர் மீடியம் ரோஸ்ட், ஒரு நிமிஷத்துக்குள்ள முடியுது. அரைக்கிறதுக்கு முன்னாடி கொட்டையில ஒரே ஒரு சொட்டு தண்ணி விட்டுக் குலுக்கச் சொன்னவருக்கு நன்றி, தூள் கிரைண்டர் உள்சுவரெல்லாம் ஒட்டுறது நின்னுடுச்சு. தூளில இருக்கிற கட்டியை ஊசியால கிளறிவிட்டுத்தான் அழுத்துறேன்.

"கும்பகோணத்துல அரைச்சே தருவானேடா"ன்னு அம்மா இன்னமும் சொல்லிட்டுதான் இருக்காங்க. வீட்டுக்கு மூணு பேர் வந்தா நானும் ஃபில்டர் கட்சிதான். 54 கிராம் சுத்த நம்மால ஆகாது.