பறக்கும் தட்டும் கேரட் பொரியலும்

(குழு: நம்ம வீட்டு ஆட்கள்)

பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) ஹிட்லர் கட்டிய பறக்கும் தட்டு!! உலகம் மறைத்த உண்மை! போலந்துக் காட்டில் இன்றும் நிற்கும் ஏவுதளம்! 10 பேருக்கு அனுப்பவும்

பெரியப்பா: கவின் பார்த்தாயா? படத்தோடு போட்டிருக்கிறான். வட்டமாக கான்கிரீட் தூண்கள். பொய் என்றால் தூண் எங்கிருந்து வந்தது?

மீனா அக்கா: அப்பா, போன வாரம் அண்டார்டிகா, இந்த வாரம் போலந்தா 😂

கவின்: தூண் நிஜம்தான் பெரியப்பா. லுட்விகோவிட்சே என்ற ஊர். பக்கத்தில் ஒரு மின் நிலையம் இருந்தது, பார்த்தால் அதன் குளிர்விப்புக் கோபுரத்து அடிப்பாகம் மாதிரித்தான் இருக்கிறது, மேல்கூண்டு போய்விட்டால் தூண் வளையம்தானே மிஞ்சும். அந்த இடத்தில் நாஜிகள் சோதித்ததாகச் சொல்லும் "மணி" வடிவப் பறக்கும் எந்திரக் கதையே 2000இல் ஒரு போலந்துக்காரர் எழுதிய பிறகுதான் வெளியே வந்தது. ஆவணத்தைக் கண்ணில் காட்டினார்களாம், நகல் எடுக்க விடவில்லையாம். என்ன வசதி பாருங்கள்.

பெரியப்பா: சரி அதை விடு. அமெரிக்க விமானிகளே பார்த்தார்களே, அவர்களும் பொய்யா?

கவின்: இல்லை, அவர்கள் பார்த்தது உண்மை. 1944 கடைசியில் ரைன் ஆற்றுப் பக்கம் ராத்திரி ரோந்து போன 415ஆவது பிரிவு. ஆரஞ்சு நிறத்தில் ஒளி உருண்டைகள் விமானத்தை ஒட்டியே வந்ததாகச் சொன்னார்கள், ஆனால் எதுவும் தாக்கவில்லை. ஒரு படக்கதையில் வந்த சொல்லை எடுத்து "ஃபூ ஃபைட்டர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். 1953இல் அமெரிக்க உளவுத்துறை சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழு, மின்னூட்டத்தால் வரும் ஒளியாக இருக்கலாம், பனித்துகளில் பட்ட வெளிச்சமாக இருக்கலாம் என்று பல "லாம்" போட்டது. நானும் அங்கேதான் நிற்கிறேன். அதற்காக உடனே ஹிட்லர் தலையில் கட்டிவிட முடியுமா?

பெரியப்பா: ஆள் ஏறிப் போகிற ராக்கெட் விமானமே கட்டியவனுக்குத் தட்டு ஒரு விஷயமா

கவின்: மெஸ்ஸர்ஷ்மிட் 163. ஏழெட்டு நிமிடத்தில் எரிபொருள் காலி. அது இன்றும் மியூசியத்தில் இருக்கிறது, லண்டன் மேல் ஏவிய வி-2 ராக்கெட் இருக்கிறது, ஹார்ட்டன் 229 என்ற வாலில்லாத விமானம்கூட வாஷிங்டன் பக்கத்தில் இருக்கிறது. தட்டுக்கு மட்டும் ஒரு திருகாணி கிடைக்கவில்லை. ஹிட்லர் காலத்துத் தட்டு என்று இத்தாலியில் பெல்லுஸ்ஸோவும் ஜெர்மனியில் ஷ்ரீவரும் வாயைத் திறந்ததே 1950இல், அதாவது 1947இல் அமெரிக்கப் பத்திரிகைகள் பறக்கும் தட்டு என்று கூப்பாடு போட்டு மூன்று வருஷம் கழித்து.

மீனா அக்கா: தட்டு நிஜமாகவே கட்டிப் பார்த்தது கனடா அப்பா. ஆவ்ரோகார், 1959. ஒரு மீட்டர் ஏறினாலே தள்ளாடும். 1961இல் மூடிவிட்டார்கள்

பெரியப்பா: பார்த்தாயா! கட்டியிருக்கிறான்!!

மீனா அக்கா: 🤦‍♀️

பெரியப்பா: அரசாங்கம் எதையுமே மறைக்காது என்கிறாயா

கவின்: மறைக்கும். யு-2 உளவு விமானத்தை மறைத்தார்கள். பயணிகள் விமானம் 20,000 அடிக்குக் கீழே போன காலத்தில் அது 60,000 அடிக்கு மேலே போனது. கீழே இருட்டிய பிறகும் அதன் இறக்கையில் மட்டும் வெயில் பட்டு மின்னும், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அந்தக் காலத்துத் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி உளவு விமானங்கள்தான் என்று சிஐஏ தரப்பு வரலாற்றாசிரியரே 1997இல் எழுதினார். பாதிக்கு மேல் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது, போகட்டும்.

கவின்: எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். வி-2 செய்தது ஜெர்மனியில் நார்ட்ஹவுசன் பக்கம் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில். அங்கே இருந்த மிட்டல்பாவ்-டோரா என்ற நாஜி வதைமுகாமுக்கு 60,000 கைதிகள் வரை கொண்டுவந்தார்கள், சுமார் 20,000 பேர் திரும்பவில்லை. அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யப்போய்ச் செத்தவர்கள் அதிகம் பெரியப்பா. அந்த ராக்கெட்டை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்த வான் பிரவுன் அப்புறம் அமெரிக்காவில் நிலவு ராக்கெட் கட்டினார். இந்த ஃபார்வர்டில் அந்தச் சுரங்கம் ஒரு வரியாவது வருகிறதா?

பெரியப்பா: வரவில்லை

பெரியப்பா: இது எனக்குத் தெரியாதுப்பா

பெரியம்மா: ஃபோனை வைத்துவிட்டுச் சாப்பிட வாருங்கள். கேரட் பொரியல், கண்ணுக்கு நல்லது

கவின்: பெரியம்மா அதுவும் போர்க்காலக் கதைதான் 😄 கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் விமானி இருட்டிலும் ஜெர்மன் விமானங்களைச் சுட்டுத் தள்ளினார். கேரட் தின்று வந்த பார்வை என்று பத்திரிகைகளில் எழுதவைத்தார்கள். விமானத்துக்குள் இருந்தது ரேடார், அதை மறைக்கத்தான் கேரட். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது சரி, மற்றதெல்லாம் சும்மா.

பெரியப்பா: முப்பது வருஷமாகத் தின்கிறேனடா. பெரியம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே

பெரியம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்