ஜீன் ரிசல்ட் வர முதல் அம்மாவுக்கு ஊசி வேண்டலாமோ?

மானிப்பாய்ப்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம், இந்த வருத்தத்தோட அலைஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ. அம்மாவுக்கு 58 வயசு. போன வருசம் முழுக்க களைப்பு களைப்பு எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவ, ஹீமோகுளோபின் 7க்கு வந்திட்டுது, காட்டின இடத்தில இரும்புக் குளிசை மட்டும் தந்து விட்டவை, ஏன் ரத்தம் குறையுது எண்டு ஒருத்தரும் தேடேல்ல. கடைசியா கமரா விட்டுப் பாக்கேக்க பெருங்குடலில வலப்பக்கம் கட்டி. ஒப்பரேசன் முடிஞ்சுது, ஆனா ஈரலிலயும் மூண்டு இடத்தில இருக்காம். இப்ப தெல்லிப்பழையில கிளினிக், கீமோ துடங்கியாச்சு, ரெண்டு நாளைக்கு பம்ப் கொழுவி விடுவினம்.

வெட்டின துண்டில ஜீன் பாக்க வேணும், மூண்டு கிழமையாவது ஆகும் எண்டு டொக்டர் சொல்லுறார். கனடாச் சித்தப்பா அதுவரைக்கும் இருக்காமல் செற்றுக்சிமாப் எண்ட ஊசியை வேண்டி ஏத்தச் சொல்லி ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறார், அங்க தெரிஞ்ச ஒராளுக்கு நல்லாக் கேட்டதாம். பாதிக் காசு அவர் அனுப்புவார், மிச்சத்துக்கு அண்ணா பின்வளவுக் காணியை விக்கிற கதை கதைக்கிறான். அம்மம்மாவும் 46 வயசில கர்ப்பப்பை கான்சரில தான் மோசம் போனவ, அது வேற பயமா இருக்கு. பொறுக்கிறதோ, வேண்டுறதோ?

கொக்குவில்காரன்:

பிள்ளை, காணியில இப்ப கை வைக்காதேங்கோ. எங்கட ஐயாவுக்கு இதே ஊசியை ரிசல்ட் வர முதல் கடன்பட்டு வேண்டினனாங்கள். நாலு தரம் ஏத்தினது. முகம் நெஞ்சு எல்லாம் சீழ் வச்ச பரு மாதிரிப் போட்டு, சவரம் எடுக்க ஏலாமல் தாடியோட இருந்தார், பரு வந்தா மருந்து பிடிக்குது எண்டு ஆரோ சொல்ல நாங்களும் அந்தப் பருவைப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தம். பேந்து ரிப்போட் வந்தது, கேராஸ் ஜீன் மாறியிருக்கு. அப்பிடி மாறின ஆக்களுக்கு அந்த ஊசி கேக்காது, பரு மட்டும் எல்லாரையும் போல வரும். போன காசு போகட்டும், அவர் பட்ட எரிவு தான் எனக்கு இப்பவும் மனசுக்க நிக்குது.

லாப்_அக்கா:

நான் பதோலொஜி லாப்பில வேலை செய்யிறன். மருந்து தீர்மானிக்கிறது உங்கட டொக்டர், நான் ரெஸ்ற் பக்கத்தைச் சொல்லுறன்.

கான்சர் கலத்தின்ர வெளிப்பக்கம் ஈஜிஎஃப்ஆர் எண்டு ஒரு சுவிச் இருக்கு. அதில இருந்து கேராஸ், பிறகு பிராஃப் எண்டு உள்ளுக்க வயர் மாதிரி சேதி போய் கலம் பெருகும். செற்றுக்சிமாப் அந்தச் சுவிச்சை நிப்பாட்டிற மருந்து. தோட்டத்துக் கிணத்து மோட்டரை நினைச்சுப் பாருங்கோ, சுவிச்சுக்கு அங்கால வயர் ஒட்டிப்போய் நேர கரண்ட் எடுக்குது எண்டா சுவிச்சை எத்தினை தரம் நிப்பாட்டி என்ன, தண்ணி ஓடிக்கொண்டு தான் இருக்கும். இந்தக் கான்சர் வந்த 100 பேரில ஏறக்குறைய 40 பேருக்கு கேராஸ் இப்பிடி மாறி இருக்கும். அதோட அம்மாவுக்கு வலப்பக்கம் எண்டுறியள். கேராஸ் சரியா இருந்தாலும் வலப்பக்கக் கட்டிக்கு முதல் வைத்தியத்தோட உந்த ஊசி பெரிசாக் கேக்கிறேல்ல, இடப்பக்கத்துக்குத் தான் கேக்கும். சித்தப்பாவின்ர ஆளுக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டுப் பாருங்கோ.

வலப்பக்கத்தில கூடக் காணுறது பிராஃப் வி600இ, மொத்தமா 100 பேரில 8, 10 பேர். அந்தப் புரதத்தில 600ஆவது இடத்தில வேலின் இருக்க வேண்டியதுக்கு குளுட்டமிக் அமிலம் வந்திடும், அந்த ஒரு மாற்றத்தோட நோய் கெதியாப் பரவும். மெலனோமா எண்ட தோல் கான்சரில பிராஃபை அடைக்கிற குளிசை தனியவே வேலை செய்தது. அதைக் குடலுக்குக் குடுத்தா கேக்கேல்ல, ஏனெண்டா பிராஃபை அடைச்ச உடன கலம் மேல போய் ஈஜிஎஃப்ஆர் சுவிச்சைத் திரும்பப் போட்டிடுது. அதால என்கோராஃபெனிப் எண்ட குளிசையையும் செற்றுக்சிமாப்பையும் சேத்துக் குடுக்கிறதுக்கு 2020இல அமெரிக்காவில அனுமதி வந்தது. பாருங்கோ, சித்தப்பா சொல்லுற அதே ஊசி தான், ஆனா கூட அந்தக் குளிசை வேணும், அந்த மாற்றமும் இருக்க வேணும். இன்னும் அரிதா, 100 பேரில ரெண்டு மூண்டு பேருக்கு ஹெர்2 எண்ட புரதம் கூடி இருக்கும், அவைக்கு மார்புக் கான்சருக்குக் குடுக்கிற மருந்துகளே உதவும். என்ட்ராக் எண்ட ஜீன் மாற்றம் நூறில ஒருத்தருக்கும் குறைவு, அதுக்கும் குளிசை இருக்கு.

இதெல்லாத்துக்கும் முதல் எம்எம்ஆர், அதாவது கலத்தின்ர டிஎன்ஏயில வாற பிழையைத் திருத்திற புரதங்கள், பாத்தாச்சோ எண்டு கேளுங்கோ. நாலு புரதம் இருக்கோ இல்லையோ எண்டு சாயம் போட்டுப் பாக்கிறது, செலவும் குறைவு, நாளும் குறைவு. பரவின நோயில 100க்கு 5 பேர் மாதிரித் தான் அதில குறைபாடு இருக்கும், ஆனா இருந்தா கதை வேற. அப்பிடிக் குறைபாடு இருந்த 307 பேரில செய்த ஆய்வில, உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியைக் கான்சருக்கு எதிரா எழுப்பிற பெம்ப்ரோலிசுமாப் எண்ட ஊசி ஏத்தினாக்களுக்கு நோய் கூடாமல் நடுக்கணக்கில 16.5 மாசம் நிண்டது, கீமோ எடுத்தாக்களுக்கு 8.2 மாசம். அம்மம்மாவுக்கு கர்ப்பப்பையின்ர வாயிலயோ, உள்ச்சவ்விலயோ? உள்ச்சவ்வு எண்டா டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்கோ.

வதிரிப்பெண்:

லாப் அக்கா ஏன் கேக்கிறா எண்டு எனக்கு விளங்குது, எங்கட குடும்பத்தில லிஞ்ச் சின்ட்ரோம், அந்த எம்எம்ஆர் ஜீனில பரம்பரையா வாற பிழை, அதால குடல் கான்சரும் கர்ப்பப்பை உள்ச்சவ்வுக் கான்சரும் வரச் சான்ஸ் கூட. ரத்தத்தில பாத்தா தெரியும், தாய்க்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி. பிராஃப், கேராஸ் மாதிரி கட்டிக்குள்ள மட்டும் நடக்கிற மாற்றம் பிள்ளையளுக்கு வராது, அதையும் இதையும் குழப்பிப் பயப்பிடாதேங்கோ. எனக்கும் இருக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கமரா விடுறன், போன முறை ரெண்டு சின்ன முளை எடுத்தவை, கான்சர் ஆக முதலே.

மானிப்பாய்ப்பிள்ளை:

பதினொரு நாள் கழிச்சு எழுதுறன், எல்லாருக்கும் நன்றி. எம்எம்ஆர் பாக்கேல்லையாம், கேட்டாப்பிறகு டொக்டர் உடன எழுதித் தந்தார். மெழுகுக் கட்டியை நான் தான் லாப்புக்குக் கொண்டுபோனனான். தீப்பெட்டியளவு பிளாஸ்டிக் கூட்டில வெள்ளை மெழுகு, அதுக்குள்ள மண்ணிறமா நகத்தளவு துண்டு, ஓரத்தில பென்சிலால நம்பர். அம்மான்ர துண்டு. வெயிலில மெழுகு இளகும் எண்டு பயந்து ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழ வைக்காமல் கைப்பைக்குள்ள தண்ணிப்போத்தலோட வச்சுக் கொண்டுபோனன். ரிசல்ட்டில அந்த நாலு புரதத்தில எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ரெண்டும் இல்லையாம். பெரியம்மாவிட்டக் கேட்டன், அம்மம்மாவுக்கு உள்ச்சவ்வு தான்.

லாப்_அக்கா:

அப்ப பெம்ப்ரோலிசுமாப் பற்றி டொக்டரோட கதைக்க வேண்டியது தான். பிராஃப் ரிசல்ட்டையும் விடாதேங்கோ. எம்எல்எச்1 இல்லாமல் பிராஃபும் மாறி இருந்தா அனேகமா பரம்பரை இல்ல. மாறேல்ல எண்டா அம்மாவுக்கு ரத்தத்தில பாக்க வேண்டி வரலாம், அம்மம்மான்ர கதையைப் பாத்தா அது எப்பிடியும் நல்லது. அதில இருந்தா உங்களுக்கும் அண்ணாவுக்கும் பாக்கோணும்.

மானிப்பாய்ப்பிள்ளை:

பிராஃப் வாற கிழமை வருமாம். சித்தப்பாவுக்கு ரிப்போட்டைப் படம் பிடிச்சு அனுப்பினன், காசை வச்சிருக்கிறன், எந்த மருந்து எண்டு டொக்டர் சொல்லட்டும் எண்டிட்டார். அண்ணாவும் காணி வேண்ட வந்த ஆளைப் பொறுக்கச் சொல்லிட்டான்.