டிரெய்லர் இழுக்காத நாளில் ஹிட்சைக் கழட்டி வைக்கணுமா?

காப்பிக்காடு கேட்டது:

வண்டி மஹிந்திரா தார், டீசல். டிரெய்லர் மாட்டற ஹிட்ச் இப்படி: சேஸிஸில் போல்ட் போட்ட 2 இன்ச் சதுரக் குழாய் (ரிசீவர்), அதுக்குள்ள சொருகுற இரும்புச் சட்டம் (பால் மவுண்ட்), அது நுனியில 50 மி.மீ. உருண்டை. கார்த்திகையிலிருந்து தை முடியற வரைக்கும், காப்பிப் பழம் பறிக்கிற சமயத்துல மட்டும்தான் ஏற்காடு நாகலூர் பக்கம் ஒற்றை அச்சு டிரெய்லர் இழுக்கிற வேலை. மீதி மாசமெல்லாம் உருண்டை சும்மா நீட்டிக்கிட்டு நிக்குது. வண்டி வாரம் ரெண்டு தடவை சேலம் இறங்கி ஏறும்.

கழட்டி வைங்கன்னு சிலர் சொல்றாங்க. இருக்கட்டும், பின்னாடி இடிச்சா அது தாங்கிக்கும்னு சிலர் சொல்றாங்க. ரிவர்ஸ் சென்சார் வேற விடாம கத்துது. போலீஸ் பிடிப்பாங்களா, கழட்டினா குழாய்க்குள்ள தண்ணி போய்த் துரு பிடிக்குமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூணுரோடு பட்டறை பதில்:

கழட்டிடுங்க. ஆனா எதைக் கழட்டணும்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். சேஸிஸோட போல்ட் ஆன குறுக்குச் சட்டமும் சதுரக் குழாயும் அங்கேயே இருக்கட்டும், அது பம்பருக்கு அடியில ஒடுங்கித்தான் இருக்கும். வெளியே நீட்டறது பால் மவுண்ட் மட்டும். பம்பரைத் தாண்டி 20, 25 செ.மீ. வரும். வினை அதுலதான்.

"தாங்கிக்கும்"னு சொல்றது பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. பின்னாடி வர்றவர் மெதுவா இடிச்சா பம்பர் அந்த அடியை அகலமா வாங்கி, நசுங்கி, கொஞ்சம் கொஞ்சமா விடும். உருண்டை முன்னாடி நின்னா மொத்த அடியும் 5 செ.மீ. வட்டத்துல விழும். அவர் வண்டியில கிரில்லைத் தாண்டி ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் வரைக்கும் ஓட்டை. உங்க வண்டியில வெளியே ஒரு கீறல் தெரியாது. ஆனா நசுங்க வேண்டியது நசுங்காம, உதை நேரா சேஸிஸுக்குப் போய், அங்கிருந்து சீட்ல உக்காந்திருக்கிறவங்க கழுத்துக்குப் போகும்.

அப்படி ஒரு இடி ஏற்கெனவே வாங்கின ஹிட்ச்னா, டிரெய்லர் மாட்டறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. போல்ட் ஓட்டை வட்டமா இருக்கா, முட்டை மாதிரி நீண்டிருக்கா? வாஷரைச் சுத்திப் பெயின்ட் பொரிஞ்சிருக்கா? குழாய் வாய்ப்பக்க வெல்டுல முடி மாதிரி கோடு இருக்கா? சந்தேகமா இருந்தா டை பெனட்ரன்ட் அடிச்சுப் பார்க்கலாம். சிவப்புச் சாயத்தை அடிச்சு 10 நிமிஷம் ஊறவிட்டு, சுத்தமாத் துடைச்சு, மேல வெள்ளை டெவலப்பர் அடிக்கணும். விரிசல் இருந்தா வெள்ளையில சிவப்புக் கோடா எழும்பி வரும். கோடு வந்தா அது மேல இன்னொரு வெல்டு ஓட்டாதீங்க, ரிசீவரையே மாத்துங்க.

சென்சார் கத்தறதுக்கும் இதேதான் காரணம். பெரும்பாலான சென்சார் 30 செ.மீ.க்குள்ள எது வந்தாலும் விடாம ஒலிக்கும். உருண்டை எப்பவுமே அந்தத் தூரத்துக்குள்ளதான் நிக்குது. கத்தலுக்குக் காது பழகிட்டா, நிஜமாவே ஒரு குழந்தை பின்னாடி நிக்கிறப்பவும் அதே சத்தம்தான் கேக்கும்.

கொண்டைஊசி 20 பதில்:

மேல சொன்னதோட மலை ரோட்டுக் கணக்கையும் சேத்துக்குங்க. பின் சக்கரம் தரையைத் தொடுற இடத்திலிருந்து பம்பர் அடி விளிம்பு 80 செ.மீ. பின்னால, 50 செ.மீ. உயரத்துல இருக்குன்னு வைங்க. பின்பக்கம் தரையில இடிக்காம ஏறி இறங்கற கோணம் சுமார் 32 டிகிரி. இப்ப 20 செ.மீ. நீட்டி, 10 செ.மீ. கீழ இறங்கற டிராப் மவுண்ட் ஒண்ணைச் சொருகுங்க. இப்ப 100 செ.மீ. தூரத்துக்கு 40 செ.மீ. உயரம், கோணம் 22 டிகிரிக்கு வந்துடும். 10 டிகிரி போச்சு. தார் ரோட்டுல இது தெரியாது. எஸ்டேட் மண் ரோட்டுல, ஓடைக் குழியில, வீட்டு வாசல் சரிவுல உருண்டைதான் முதல்ல தரையை உழும். உங்க வண்டிக்கு இந்த நாலு அளவையும் டேப் வச்சு எடுத்துப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அடிவாரத்திலிருந்து மேல வர்ற 20 வளைவுல எதிர்ல பஸ் வந்து நீங்க பின்னால எடுக்க வேண்டி வந்தா, கண்ணாடியில பம்பர் தெரியும், உருண்டை தெரியாது. கைப்பிடிச் சுவர்ல முதல்ல முட்டறது அது. சுவர் கல் பெயர்ந்தாக்கூடப் பரவாயில்லை, மவுண்ட் கோணலாகி ரிசீவருக்குள்ளயே இறுகிக்கும். அப்புறம் பறிப்பு சமயத்துல அதை வெளிய எடுக்க ஒரு நாள் கூலி.

இன்னொண்ணு, என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட முக்கியம் இதுதான். மழையில ஒரு வண்டி சேத்துல மாட்டினா, உருண்டை வெளியே தெரிஞ்சாலே யாராவது கயித்தை அதுல சுத்தி "இழுங்கண்ணா"ம்பாங்க. கூடவே கூடாது. அந்த உருண்டை உருளும் டிரெய்லரைச் சீரா இழுக்கச் செஞ்சது. சேத்து வண்டியை வெட்டு வெட்டா இழுக்கிற கயிறு, இழுவைப் பெல்ட்டோட உதை அதோட அளவைவிடப் பல மடங்கு போகும். உருண்டையோட அடித்தண்டு முறிஞ்சா, இழுபட்ட பெல்ட் ரப்பர் மாதிரி சுருங்கி, இரும்பு உருண்டையை இழுக்கப்படுற வண்டியோட கண்ணாடிக்குள்ள எறியும். ஆஸ்திரேலியாவுல இப்படி ஆள் செத்திருக்காங்க. மவுண்டைக் கழட்டிட்டு, அதே சதுரக் குழாயில சொருகுற ஷேக்கிள் பிளாக் (கயிறு மாட்ட இரும்பு வளையம் வச்ச கட்டை) ஒண்ணு போட்டா முறையான இழுவைப் புள்ளி ஆயிடும். உருண்டை இல்லாத வண்டியில ஆளுங்களுக்குத் தப்பா மாட்ட இடமும் இருக்காது.

லீபஜார் லோடு பதில்:

எல்லாம் சரிதாங்க, ஆனா "தினமும் கழட்டு"ன்னு சொன்னா நடக்காது. பறிப்பு சமயத்துல தினம் ரெண்டு நடை இழுக்கிறவர் ராத்திரிக்கு ராத்திரி கழட்டிக் காலையில மாட்டினா, என்னைக்காவது ஒரு நாள் மவுண்டைக் குழாயோட பிடிக்கிற குறுக்குப் பின்னைப் போட்டுட்டு, அது கழலாமப் பூட்டற கிளிப்பை மறப்பார். அது உருண்டை நீட்டிக்கிட்டு நிக்கிறதைவிட மோசம். மூணு நாளைக்கு மேல இழுக்கிற வேலை இல்லைன்னா கழட்டுங்க, இருந்தா விடுங்க. விடறப்போ உருண்டைக்கு ரப்பர் தொப்பி போட்டு, மேல சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க. ஆடியில சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம், இல்லை லீ பஜார் சந்துல நிறுத்தினா, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல புகுந்து போறவங்க முழங்காலுக்குக் கீழ எலும்புல அது நேரா இடிக்கும். தொப்பி இல்லாத உருண்டையோட கறுப்பு கிரீஸ் வெள்ளை வேட்டியில பட்டா எந்தச் சோப்புக்கும் போகாது, வாங்கற திட்டு தனி.

கழட்டறது இப்படி: சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல்ல ஆர் கிளிப்பை எடுங்க. 2 இன்ச் குழாய்க்குப் போடற பின்னோட தடிமன் 16 மி.மீ. பின் வரலைன்னா சுத்தியல் எடுக்காதீங்க, ஒரு கையால மவுண்டை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இன்னொரு கையால தள்ளுங்க, வந்துடும். மவுண்டை உருவறப்போ அடியில கை கொடுத்துப் பிடிங்க. மவுண்டும் உருண்டையும் சேந்து நாலஞ்சு கிலோ, நுனி வெளிய வந்ததும் சட்டுனு இறங்கும், கீழ உங்க கால் பெருவிரல். அப்புறம் வெறும் குழாய்லயே பின்னையும் கிளிப்பையும் திரும்ப மாட்டி வைங்க, அதுதான் தொலையாம இருக்க வழி.

கழட்டினதைப் பின் சீட்டுல போடாதீங்க. சடன் பிரேக்ல அது முன்னால வர்ற குண்டு. சாக்குல சுத்தி, சீட்டுக்கு அடியில பெல்ட் போட்டுக் கட்டுங்க, இல்லை வீட்டுலயே வச்சிடுங்க. பறிப்பு சமயத்துல மாட்டியே வைக்கிறதுன்னா சாதா பின்னுக்குப் பதிலா பூட்டு வச்ச பின். பழைய இரும்புக் கடைக்கு நாலு கிலோ உருக்குன்னா சும்மாவா.

காப்பிக்காடு:

கழட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு அந்தக் குறுக்குப் பின் வந்துடுச்சு, மவுண்ட் அசையவே இல்லை. ரெண்டு மழைக்காலம் உள்ளயே இருந்தது. என்ன பண்றது? போலீஸ் விஷயமும் யாரும் சொல்லலை.

மூணுரோடு பட்டறை:

இறுகிப் போச்சு, சாதாரணம்தான். துரு அதோட இரும்பைவிட இடம் அதிகமா அடைக்கும், நாலு பக்கமும் ஆப்பு அடிச்ச மாதிரி பிடிச்சுக்கும். துரு இளக்குற ஸ்ப்ரேயைக் குழாய் வாய் நாலு விளிம்புலயும், பின் ஓட்டை ரெண்டுலயும் அடிங்க. குழாய் பின்பக்கம் திறந்திருந்தா அங்கேயும். ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில இன்னொரு தடவை. அப்புறம் 2 கிலோ சுத்தியலால மவுண்டோட பக்கவாட்டுல இடது நாலு, வலது நாலுன்னு மாத்தி மாத்தித் தட்டுங்க. நோக்கம் உருவறது இல்லை, துருவை உடைக்கிறது. செம்மண் மாதிரி தூள் கொட்ட ஆரம்பிச்சா வழிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். உருண்டை மேல அடிக்காதீங்க, தழும்பு விழுந்தா கப்ளர் (டிரெய்லர் முனையில உருண்டையைக் கவ்வுற கிண்ணம்) சரியா உக்காராது. கேஸ் கட்டிங் வச்சுச் சூடு காட்டலாம்னு சொல்வாங்க, டீசல் டேங்க்கும் பின் லைட் வயரும் பக்கத்துலயே இருக்கு, வேண்டாம். சங்கிலி போட்டு மரத்துல கட்டி வண்டியால இழுக்கிற வித்தையும் வேண்டாம்.

வெளிய வந்ததும் குழாய் உள்ள கம்பி பிரஷ், மவுண்டுக்கு உப்புத்தாள். மவுண்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆசைப்படாதீங்க, தடிமன் ஏறி மறுபடி இறுகும். லேசா ஒரு பூச்சு ஆன்ட்டி சீஸ் (இரும்பு இறுகாமத் தடுக்கிற பசை) போதும். கிரீஸும் ஆகும், ஆனா மண்ணை வாங்கிக்கும். குழாய் வாய்க்கு 2 இன்ச் ரப்பர் மூடி கிடைக்கும், போடுங்க, ஆனா அடியில தண்ணி வடியற வழி எதையும் அடைக்காதீங்க. மலை மேல பனியும் ஈரமும் மூடியைத் தாண்டி உள்ள போகத்தான் செய்யும், போனது வெளிய வரணும்.

கையில இருக்கிறப்பவே வெர்னியர் வச்சு உருண்டையை அளங்க. 50 மி.மீ. உருண்டை தேஞ்சு 49க்கு வந்திருந்தா மாத்திடுங்க. புதுசு வாங்கறப்போ 2 இன்ச்னு கொடுத்தா அது 50.8 மி.மீ., 50க்குச் செஞ்ச கப்ளர்ல இறுக்கும். தலைகீழா, 2 இன்ச் கப்ளர்ல 50 உருண்டை தளர்வா நிக்கும், குழியில குதிச்சுக் கழண்டுக்கும். தண்டு 1 இன்ச்னா நட்டுக்குச் சுமார் 340 நியூட்டன் மீட்டர் முறுக்கு. டார்க் ரென்ச் இல்லைன்னா, மூணடிக் குழாய் நுனியில 38 கிலோ தொங்கற கணக்கு. கையால இறுக்கினது போதும்னு விட்டுடாதீங்க.

ஊசிமுனை:

போலீஸ் விஷயம். 2017 டிசம்பர் 7ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதின கடிதத்தை வச்சுத்தான் இந்தக் குழப்பம். அது பம்பர்ல கூடுதலா மாட்டற இரும்புக் கம்பி, அதாவது க்ராஷ் கார்டு, புல் பார் பத்தினது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு மீறல், 190, 191ல தண்டனைன்னு அப்போ சொல்லுச்சு. டிரெய்லர் ஹிட்ச் பேர் அதுல கிடையாது. ஆனா உருண்டை பின் நம்பர் பிளேட்டை மறைச்சா அது தனிக் குத்தம். 10 அடி தள்ளி நின்னு ஒரு தடவை, குனிஞ்சு ஒரு தடவை பாருங்க, எல்லா எழுத்தும் தெரியணும். பிரிட்டன்ல கழட்டற வசதி உள்ள ஹிட்ச் நம்பரை மறைச்சா, இழுக்காதப்போ கழட்டியே ஆகணும்.

பறிப்பு சமயத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க: 61ஆம் பிரிவுப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேணும், அதோட நம்பர் டிரெய்லர் பக்கவாட்டுல. டிரெய்லர் பின்னாடி இழுக்கிற வண்டியோட நம்பர். ஹிட்சுக்குப் பிடிச்சா வாதாடலாம், இது இல்லைன்னா வாதமே இல்லை.

காப்பிக்காடு:

மவுண்ட் வந்துடுச்சு, ராத்திரி ஊறவிட்டது போதுமா இருந்தது. கடைசியா ஒண்ணு. டிரெய்லர் லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற 7 பின் சாக்கெட் அப்படியே தொங்குது, அதையும் கழட்டணுமா?

லீபஜார் லோடு:

வேண்டாம், சாக்கெட் இருக்கட்டும். மூடி ஸ்பிரிங் சரியா மூடுதான்னு மட்டும் பாருங்க. உள்ள பச்சை பூத்திருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பின் ஒவ்வொண்ணையும் தேய்ச்சு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் கடுகளவு வைங்க. முதல்ல பார்க்க வேண்டியது 3ஆம் பின், வெள்ளை வயர், அதுதான் எர்த். டிரெய்லர் மாட்டி பிரேக் மிதிக்கிறப்போ டிரெய்லர் இண்டிகேட்டரும் கூடவே லேசா எரிஞ்சா, பல்பை மாத்திக்கிட்டு உக்காராம அந்த வெள்ளை வயர் சேஸிஸ்ல போல்ட் ஆற இடத்தைத் துரு போகச் சுரண்டி இறுக்குங்க.