அஃபோடியஸ்: ஒரே பேரினமா, உடைத்துப் பிரிப்பதா?

நிலவன்:
பெரும்பாலும் சாணத்துக்குள்ளேயே வாழும் சின்ன வண்டுகளை 1798 முதல் அஃபோடியஸ் என்ற பேரினத்தில் வைத்து வந்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். இப்போது அதன் துணைப்பேரினங்களை, அதாவது அதற்குள் அடங்கிய சிறு குழுக்களை, தனித்தனிப் பேரினங்களாக உயர்த்திவிட்டார்கள். இத்தாலியின் டெல்லாகாசா ஆய்வாளர்கள் இதில் முன்னே நின்றார்கள். கார்டன், ஸ்கெல்லி இருவரும் 2007இல் அமெரிக்க, கனடா வண்டுகளுக்கும் இதையே செய்தார்கள். அஃபோடியஸ் ரூஃபிபெஸ் இப்போது அக்ரோசஸ் ரூஃபிபெஸ். அஃபோடியஸ் ஃபோசர் இப்போது டியூகெஸ்டெஸ் ஃபோசர். எனக்கு இதில் உடன்பாடில்லை. இவற்றின் உறவுமுறை பற்றி நமக்குத் தெரிந்தது இத்தனை பெயர்களை மாற்றும் அளவுக்கு வளரவில்லை.

கயல்விழி:
ஏதோ நேற்று வைத்த பெயர்கள் போலச் சொல்கிறீர்கள். அக்ரோசஸ், டியூகெஸ்டெஸ், மெலினாப்டெரஸ், கொலோபாப்டெரஸ் எல்லாம் பிரான்சின் பூச்சியியலாளர் முல்சான் 1842இல் வைத்தவை. உடலமைப்பில் வேறுபாடு இருப்பதை அவர் அப்போதே கண்டார்.

வாழும் விதத்தையும் பாருங்கள். அஃபோடியஸ் என்றாலே சாணத்துக்குள் குடியிருப்பது, உருட்டாதது, புதைக்காதது என்று பாடம் சொல்கிறோம். ஆனால் கொலோபாப்டெரஸ் எர்ராடிகஸ் சாணத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டுகிறது. மெலினாப்டெரஸ் ப்ரோட்ரோமஸ் வளர்ந்தபின் சாணத்துக்கு வந்தாலும், அதன் புழு மட்கும் தாவரப் பொருளில் வளர்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்தால் அந்தப் பெயர் நமக்கு என்னதான் சொல்லும்?

நிலவன்:
பழக்கம் வேறு, வம்சாவளி வேறு. நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களுக்குள்ளேயே புழுவின் உணவு மாறுவது பூச்சிகளில் சாதாரணம். பேரினம் என்பது உறவைச் சொல்ல வேண்டும், தொழிலை அல்ல.

கயல்விழி:
சரி, உறவுக்கே வருவோம். மரபணு ஆய்வுகளில் ஹெப்டாலகஸ் பழைய அஃபோடியஸுக்கு உள்ளேயே போய் விழுகிறது. முன்சிறகில் வரிவரியாக மேடு இருப்பதால் வெகுகாலமாகத் தனிப் பேரினமாக வைத்திருந்த வண்டு அது. அப்படியானால் உங்கள் பெரிய அஃபோடியஸ் ஒரு மூதாதையின் எல்லா வாரிசுகளும் அடங்கிய குழுவே இல்லை. இதற்கு என்ன பதில்?

நிலவன்:
ஹெப்டாலகஸை உள்ளே சேர்த்துக்கொண்டால் போயிற்று. ஒரு பெயர் குறையும். நீங்கள் செய்வதில் பல டஜன் பெயர்கள் கூடுகின்றன. அதே ஆய்வுகளில் ஆழமான கிளைகள், அதாவது வெகுகாலம் முன்பே பிரிந்தவை, தெளிவாகப் பிரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தக் கிளை எதோடு சேரும் என்பது உறுதியாகாதபோது துண்டுகளுக்கு மட்டும் எப்படிப் பேரினத் தகுதி கொடுக்க முடியும்?

மாறன்:
நான் வகைப்பாட்டுக்காரன் இல்லை, சாணத்தில் மருந்து மிச்சம் பற்றி வேலை பார்ப்பவன். ஐவர்மெக்டின் போன்ற கால்நடை மருந்துகள் சாணம் வழியாக வெளியேறி வண்டுப் புழுக்களைக் கொல்கின்றன. இதைச் சோதிக்க ஆன்தோஃபேகஸ் டாரஸ் என்ற வேறொரு சாண வண்டோடு அஃபோடியஸ் கான்ஸ்டான்ஸ் வண்டையும் பயன்படுத்துகிறோம். புதிய முறையில் அது அக்ரிலினஸ் கான்ஸ்டான்ஸ். பழைய பெயரில் தேடுபவருக்குப் புதிய கட்டுரை கிடைப்பதில்லை, புதிய பெயரில் தேடுபவருக்குப் பழையது கிடைப்பதில்லை. ஒரு மருந்தின் பாதுகாப்பை முடிவு செய்யும்போது பாதித் தரவு கண்ணில் படாமல் போவது எனக்குப் பெரிய கவலை.

கயல்விழி:
மாறன் சார், உங்கள் கவலை நியாயம். ஆனால் பேரினத்தைத் தொடாமலே விட்டாலும் பெயர்க் குழப்பம் தீராது. அஃபோடியஸ் ஃபிமெடாரியஸ் என்ற சிற்றினத்தையே எடுங்கள். லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட, கருப்பு உடலும் செங்காவி முன்சிறகும் கொண்ட வண்டு. 2001இல் குரோமோசோம்களைப் பார்த்தபோது அது இரண்டு சிற்றினங்கள் என்று தெரிந்தது. மற்றொன்று டி கீர் 1774இல் பெயரிட்ட பெடெல்லஸ். அதற்கு முன் ஃபிமெடாரியஸ் என்று எழுதியவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதே கேள்விக்குறி ஆகிவிட்டது. பேரினம் சிறியதாக இருந்தால் இப்படி ஒன்றுபோல் தோன்றுபவற்றை அருகருகே வைத்துக் கவனமாகப் பார்ப்போம்.

நிலவன்:
இது என் பக்கத்துக்குச் சாட்சி. அதைக் கண்டுபிடித்தது குரோமோசோம். பேரின எல்லை அதில் எந்த உதவியும் செய்யவில்லை. ஒரே பேரினம், ஒரே துணைப்பேரினம், அதற்குள்ளேயே இரண்டு வண்டுகள் ஒளிந்திருந்தன. நமக்கு வேண்டியது இந்த மாதிரி உழைப்பு. அடைப்புக்குறி போதும்: அஃபோடியஸ் (அக்ரோசஸ்) ரூஃபிபெஸ். விலங்கியல் பெயரிடல் விதியே துணைப்பேரினத்தை இப்படி எழுத இடம் தருகிறது. முல்சான் கண்ட வேறுபாடும் காப்பாற்றப்படும், மாறன் தேடும் பெயரும் நிலைக்கும்.

கயல்விழி:
அந்த அடைப்புக்குறி கட்டாயம் இல்லையே. களப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை, அட்டவணையில் ஏற்றும்போது முதலில் விடுபடுவதும் அதுதான். இரவில் விளக்கைத் தேடி வரும் பெரிய பழுப்பு ரூஃபிபெஸும், சில மில்லிமீட்டரே உள்ள ப்ரோட்ரோமஸும் "அஃபோடியஸ் வகை" என்று ஒரே வரியில் எண்ணப்படுகின்றன. பிறகு அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் சாண வண்டுகள் குறைகின்றனவா என்று கேட்கிறோம்.

மாறன்:
அப்படி எண்ணுவது எங்கள் தவறு, பெயரின் தவறு அல்ல. சிற்றினம் வரை அடையாளம் காணாத தரவை நான் ஏற்க மாட்டேன். இனி கட்டுரை எழுதுபவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் முதல் முறை குறிப்பிடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். பேரினம் எதுவாக இருந்தாலும் கான்ஸ்டான்ஸ் என்று தேடி நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.