புரூக்ளின் ஹைட்ஸ் வரிசை வீட்டில் குடியிருந்த அனுபவம்

நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸில், இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடு ஒன்றின் மாடியில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன். வீடு உரிமையாளருடையதே என்றாலும், அதன் முகப்பை அவர் விருப்பப்படி மாற்ற முடியாது என்பது குடிபோன பிறகே எனக்குத் தெரிந்தது.

வாசற்படிகளைப் பழுதுபார்க்க வந்த கொத்தனார் ஒரு சிறு சுத்தியலால் கல்லைத் தட்டிக்கொண்டே வந்து, ஓசை பொள்ளலாகக் கேட்ட இடங்களில் சாக்கட்டியால் வட்டமிட்டார். பழுப்பு நிற மணற்கல்லின் இயற்கையான அடுக்குகள் படுக்கையாக இருக்க வேண்டும் என்றும், முகப்புக்காக அதை அறுத்து நிமிர்த்திப் பதித்துவிட்டதால் மழைநீர் அடுக்குகளுக்கிடையே இறங்கி, குளிரில் உறைந்து விரிந்து, கல்லை வெங்காயச் சருகுபோல உரித்துவிடுகிறது என்றும் விளக்கினார். கெட்ட பகுதியை உறுதியான கல் தெரியும்வரை செதுக்கியெடுத்து, நிறம் சேர்த்த சாந்தைப் பல பூச்சுகளாக ஏற்றினார். நிறம் பொருந்துகிறதா என்று காயவைத்துப் பார்ப்பதற்கே பொழுது போயிற்று.

நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையம் இடிக்கப்பட்ட அதிர்ச்சிக்குப் பின் 1965-இல் நகரம் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி முதலில் அறிவிக்கப்பட்ட வரலாற்று வட்டாரம் இதுதான். தெருவிலிருந்து தெரியும் சன்னலை மாற்றுவதற்கும் நகரின் பழங்கட்டடப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். எங்கள் உரிமையாளர் இதைச் சொல்லிப் புலம்பாத நாளில்லை. ஆனாலும் அந்தக் கெடுபிடி இல்லாவிட்டால் தெருவே உருமாறியிருக்கும் என்பதுதான் என் எண்ணம். செலவைத் தாங்கக்கூடியவர்களே இங்கே நிலைக்க முடிகிறது என்பதும் உண்மைதான்.

ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர், ஜோரலெமன் தெருவின் 58-ஆம் எண் வீட்டைக் காட்டி, "இங்கே யாருமே விளக்குப் போடுவதில்லையா?" என்று கேட்டார். 1847-இல் குடியிருப்பாகக் கட்டப்பட்ட அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. முகப்பு மட்டும் வீடாகவே நிற்க, கறுத்த சன்னல்களுக்குப் பின்னால் இருப்பது, 1908-இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் பாதைக்கான காற்றுப்போக்கியும் அவசர வழியும்தான். அதைக் கேட்ட பிறகும் அவர் அழைப்புமணியைத் தேடினார்.

குடிபோக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பழைய மரச் சன்னல்களின் இடுக்குகளில் குளிர்காற்று தாராளமாக நுழையும். உட்புறமாகக் கூடுதல் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொள்ள ஆணையத்திடம் போக வேண்டியதில்லை. அதை உரிமையாளரே செய்து தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.